உப்புக் கிணற்றில் காதடைத்த சுறா: ஒரு நிகழ்வு ஆய்வு

கல்லிடைக்குறிச்சியில், கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலை ஒட்டிய கிணற்றில் மூன்று மீட்டர் ஆழம் வரை இறங்கி, திருப்பிய பக்கம் திரும்பி, கூப்பிட்டதும் மேலே வந்த இயந்திரச் சுறா, திசையன்விளைக்குத் தெற்கே ஒரு தோட்டக் கிணற்றில் முழங்கை ஆழத்தைத் தாண்ட மறுத்துவிட்டது. சுறா அதே சுறா. பேட்டரியும் ரிமோட்டும் அவையே. ரிமோட்டைப் பிடித்திருந்த மாணவியும் அவளே. கிணறு மட்டும்தான் வேறு. பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் முன்னால் அது தலையை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதுமாக இருந்ததைக் கண்ட தோட்டக்காரர், "தண்ணீர் குளிர்கிறதோ என்னவோ" என்றார்.

அந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடிய கதைதான் இது. நான் பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் கற்பிக்கிறேன். சுறா, இறுதியாண்டு மாணவர் நால்வரின் திட்டப்பணி. ரிமோட்டில் நீந்தும் மீன் செய்கிறவர்கள் வாலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார்கள். அது நீந்தப்போகும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எங்கள் பக்கத்தில் அப்படி இருந்துவிட முடியாது. எழுபது எண்பது கிலோமீட்டருக்குள் பொருநை என்கிற தாமிரபரணி பாயும் நல்ல தண்ணீர், பனங்காட்டுச் சவர்த் தண்ணீர், உவரிக் கடல் என்று மூன்று தண்ணீர் இருக்கிறது.

உடல்

மாதிரிக்குப் பால் சுறாவைத் தேர்ந்தெடுத்தார்கள். உவரி கடற்கரையில் கண்ணெதிரே போட்டு அளந்து பார்க்கக் கிடைப்பது அதுதான். புட்டுக்குப் போகிற சுறா. புள்ளிகள் அழகாக இருக்கின்றன என்று ஒரு மாணவன் திமிங்கலச் சுறாவைக் கேட்டான். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் கிடத்தி அளவெடுக்கிற விஷயமே இல்லை என்று அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மாணவர்கள் வரைந்து எடுத்துப்போன படத்தை உவரியில் ஒரு மீனவர் வாங்கிப் பார்த்தார். "வால் தப்பாக இருக்கிறது மக்கா. மேலும் கீழும் சமமாக இருந்தால் அது சூரை. சுறாவுக்கு மேல் வால்தான் நீளம்" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. சுறாவின் முதுகெலும்பு வாலின் மேல் மடலுக்குள் ஏறிப் போகிறது. கீழ் மடல் குட்டை. படத்தைத் திருத்தி, வாலையும் திருத்தி வெட்டியபோது வேறொரு வேலை முளைத்தது. அப்படிப்பட்ட வால் அடிக்கும்போது பின்பக்கம் சற்றுத் தூக்கப்படும், மூக்கு தாழும். அதைச் சமன்செய்யத்தான் சுறாவுக்கு விமான இறக்கைபோல இரண்டு மார்புத் துடுப்புகள் விரிந்திருக்கின்றன. எங்கள் சுறாவும் வால் ஆடத் தொடங்கியதும் மூக்கைத் தாழ்த்தியது. துடுப்புகளின் முன்விளிம்பைச் சில டிகிரி உயர்த்தி நிறுத்திய பிறகே நேராகப் போனது.

முன்னுடலுக்கு அச்சு செய்துகொடுத்தவர் அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிற ஒரு பெரியவர். சுறாவின் தலையிலிருந்து இடுப்பு வரையிலான வடிவம் கடைசலுக்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது. மொத்த நீளம் 90 சென்டிமீட்டர். அதில் பின் மூன்றில் ஒரு பங்கு வளைய வேண்டிய பகுதி. ஆகவே 60 சென்டிமீட்டரை மட்டும் இரண்டு துண்டாகக் கடைந்தார்.

"அண்ணாச்சி, மூக்கை இன்னும் கொஞ்சம் மெலியவைக்கலாமா?"

"மெலியவைக்கலாம் தம்பி. மெலிந்த முனை உளி பட்டால் துள்ளும். துள்ளினால் வரி விழும். வரி விழுந்தால் நீங்கள்தான் உட்கார்ந்து தேய்க்க வேண்டும்."

மூக்கு அவர் சொன்ன பருமனிலேயே நின்றது. உண்மைச் சுறாவின் வயிறு தட்டை. கடைசலிலிருந்து வரும் கட்டையோ முழு உருண்டை. அந்த வயிற்றை மாணவர்கள் அரத்தால் ராவித் தட்டையாக்கினார்கள். அவர் பழக்கப்படி அரக்குப் பூசிக் கொடுத்திருந்ததால் ரெசின் மரத்துக்குள் இறங்கவில்லை. மேலே மெழுகு தேய்த்து, கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிற ஒருவரிடம் கொடுத்து, கண்ணாடி இழையும் ரெசினுமாக இரண்டு படலம் போட்டு, நீளவாக்கில் அறுத்து எடுத்தார்கள். இந்த இரண்டு கைத்தொழில்காரர்களும் அருகில் இல்லாத ஊரில் இதே ஓட்டுக்கு முப்பரிமாண அச்சுப்பொறியை நாட வேண்டியிருக்கும். முடிவு இந்த அளவுக்கு வழவழப்பாக இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இந்த ஓட்டுக்குள் தண்ணீர் தாராளமாகப் புகும், புக வேண்டும். முழு உடலையும் காற்றடைத்த பெட்டியாக்கினால் அதன் கொள்ளளவு ஐந்து லிட்டரை நெருங்கும், அதை முழுகவைக்க ஐந்து கிலோ தேவைப்படும். அதற்குப் பதிலாக உள்ளே 90 மில்லிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பி.வி.சி. குழாய் ஒன்று மட்டும் உலர்ந்த அறை. அது வெளித்தள்ளும் தண்ணீர் இரண்டரை லிட்டர். மின்சாதனங்களின் எடை போக மீதத்தை வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளால் நிரப்பினார்கள். குண்டுகள் எல்லாம் வயிற்றுப் பக்கம். இல்லாவிட்டால் சுறா மல்லாந்துவிடும்.

கடைசியில் எடையை முழுச் சமநிலைக்கு இருபது முப்பது கிராம் குறைவாக நிறுத்தினார்கள். வால் நின்றால் தானாக மிதந்து மேலே வர வேண்டும் என்பதற்காக. இந்த ஒரு விஷயத்தில் மாதிரி, உயிருள்ள சுறாவுக்கு நேர் எதிர். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலும் இலேசான குருத்தெலும்பும் உதவினாலும் நீந்துவதை நிறுத்தினால் பெரும்பாலான சுறாக்கள் மெல்லத் தாழும். எங்களுடையது தாழ்ந்தால் யாராவது கிணற்றில் இறங்க வேண்டும். அதற்கும் தயாராக ஒரு பாதாளக்கரண்டி எப்போதும் கூடவே போனது. குடம் எடுக்கச் செய்த கருவி சுறாவையும் எடுக்கும்.

வால்

வாலை ஆட்டுவது, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கிற ஒரே ஒரு சர்வோ மோட்டார். எங்கும் எளிதாகக் கிடைக்கிற எம்.ஜி.996ஆர் வகை. விவரத்தாளின்படி 4.8 வோல்ட்டில், சுமையில்லாமல், 60 டிகிரியைக் கடக்க அதற்கு 0.17 விநாடி ஆகும். அதாவது விநாடிக்குச் சுமார் 350 டிகிரி. மாணவர்கள் முதலில் கேட்டது, இருபுறமும் 30 டிகிரி வீச்சில் விநாடிக்கு இரண்டு ஆட்டம். சைன் அலைப்படி ஆடும் வால் நடுக்கோட்டைக் கடக்கும் கணத்தில்தான் உச்ச வேகத்தில் இருக்கும். இந்தக் கணக்குக்கு அது விநாடிக்கு 377 டிகிரி. மோட்டாரின் வெறும் கை வேகத்தையே தாண்டுகிறது, தண்ணீரின் எதிர்ப்பு வேறு. விளைவு, வேகத்தைக் கூட்டக் கூட்ட வீச்சு சுருங்கி, வால் ஆடுவதற்குப் பதில் நடுங்கியது. விநாடிக்கு 1.2 ஆட்டமாகக் குறைத்ததும் உச்ச வேகம் 226 டிகிரிக்கு இறங்கி, வீச்சு முழுதாக வந்தது. சுறா முன்னைவிட வேகமாகப் போனது.

நீந்தும் உயிர்களின் வாலடியை அளக்க ஸ்ட்ரௌஹால் எண் என்று ஒன்று உண்டு. ஆட்ட எண்ணிக்கையை வால் நுனியின் முழு வீச்சால் பெருக்கி, முன்னேறும் வேகத்தால் வகுப்பது. திறமையாக நீந்தும் மீன்களுக்கு இது 0.2க்கும் 0.4க்கும் இடையில் விழுகிறது. எங்கள் சுறாவுக்கு வீச்சு 16 சென்டிமீட்டர், வேகம் விநாடிக்கு 35 சென்டிமீட்டர், எண் 0.55. அடிக்கிற அடிக்குத் தகுந்த தூரம் போகவில்லை என்று பொருள். வால் தண்டு ஒரே விறைப்பாக இருந்ததுதான் காரணம் என்று ஊகித்து, நீல நிற பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து வெட்டிய பட்டையை அடியில் தடிமனாகவும் நுனியில் மெல்லியதாகவும் சீவினார்கள். அலை உடலிலிருந்து நுனிக்கு ஓடத் தொடங்கியது. எண் 0.43க்கு இறங்கியது. 1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரோபோடூனா என்ற சூரைமீன் ரோபோவைச் செய்தவர்கள் பல மோட்டார்களும் கப்பிகளும் வைத்துச் செய்த வேலையை ஒற்றை மோட்டார் இந்த மட்டும் செய்தால் போதும்.

வால் ஒரு பக்கம் அடித்தால் தலை மறுபக்கம் ஆடும். முதுகுத் துடுப்பைப் பெரிதாக்கி, ஈயத்தில் ஒரு பங்கை முன்னால் தள்ளியதும் தலையாட்டம் அடங்கியது. திரும்புவதற்குத் தனி மோட்டார் இல்லை. வாலின் நடுக்கோட்டையே இடமோ வலமோ நகர்த்தி ஆட்டினால் போதும்.

வெயிலும் சீலும்

வாலுக்குப் போகும் தள்ளுகம்பி குழாயைவிட்டு வெளியேறும் இடம்தான் கசிவுக்கு வாசல். சைக்கிள் சக்கரக் கம்பியைக் கிரீஸ் நிரப்பிய பித்தளைக் குழலுக்குள் ஓடவிட்டு, மேலே வால்வு டியூப் ரப்பரை இழுத்துப் போட்டார்கள். மூன்று மீட்டர் ஆழத்தில் குழாயின் மூடியை 19 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் உள்நோக்கித் தள்ளும். அது மூடியை இன்னும் இறுக்கவே செய்யும் என்பதால் யாரும் பயப்படவில்லை. ஆனால் ஆழமே போகாத நாட்களிலும் உள்ளே ஈரம் இருந்தது.

காரணம் நெல்லை வெயில். குழாயை வரப்பில் வைத்து மூடுகிறார்கள். உள்ளே காற்று 45 டிகிரிக்குச் சூடாகிறது. கிணற்றுத் தண்ணீரோ 27 டிகிரி. குளிர்ந்த காற்றின் அழுத்தம் ஆறு சதவீதம் குறையும். அது அரை மீட்டருக்குச் சற்று அதிகமான நீர்மட்டத்துக்குச் சமம். மேற்பரப்பில் கிடக்கும்போதே குழாய் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. பம்பு செட் அறையின் நிழலில், குழாயைச் சற்று நேரம் தண்ணீரில் கிடத்திக் குளிரவைத்த பிறகு மூடியைத் திருகும் வழக்கம் வந்தது. ஈரம் போனது.

காது

இப்போது பெரும்பாலான ரிமோட் விமானங்களும் கார்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ அதே அலைவரிசையில், 2.45 கிகாஹெர்ட்ஸில், சோற்றைச் சூடாக்குவது அந்த அலையைத் தண்ணீர் விழுங்குவதால்தான். உப்பே இல்லாத தண்ணீரிலும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஆற்றலில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஒரு சாண் ஆழத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. மேல்நாடுகளில் ரிமோட் நீர்மூழ்கி செய்கிறவர்கள் இன்றும் பழைய தாழ்ந்த அலைவரிசைகளை விடாமல் வைத்திருக்கிறார்கள்: ஐரோப்பாவில் 40 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 75. இந்தியாவில் குறைந்த திறனுக்கு உரிமம் தேவைப்படாமல் கிடைப்பது 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை. பழைய பொம்மைக் கார்கள் ஓடியது அதில்தான்.

ஆகவே ஒரு பொம்மைக் காரின் ரிமோட்டையும் அதன் ரிசீவரையும் பிரித்தெடுத்தார்கள். அதில் ஐந்து கட்டளைகள்தான்: முன், பின், இடம், வலம், அதிவேகம். ரிசீவரின் கால்களை ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகையில் இணைத்து, முன் என்றால் நீந்து, பின் என்றால் துடுப்பைச் சாய்த்து மூழ்கு என்று பொருள் மாற்றினார்கள். இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. சிக்னல் அறுந்தால் ரிசீவர் எதையும் சொல்லாது. எதையும் சொல்லாவிட்டால் வால் நின்று, துடுப்பு நிமிர்ந்து, சுறா மிதந்து மேலே வரும். பாதுகாப்புக்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. கல்லிடைக்குறிச்சியில் சிக்னல் அறுந்ததே இல்லை. அந்தக் கிணற்றில் தண்ணீர் நான்கு மீட்டர்தான், சுறா மூன்றோடு நிறுத்திக்கொண்டது. எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அங்கே வாய்ப்பும் இல்லை.

தோட்டக் கிணற்றில் நடந்தது

தை மாதம். வடகிழக்குப் பருவமழை முடிந்து கிணறு நிரம்பியிருந்தது. முருங்கைக்கும் தென்னைக்கும் பாய்கிற கிணறு. சுற்றிலும் பனை, அதற்கப்பால் தேரி மணல். படிக்கட்டில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேற்பரப்பில் சுறா பிரமாதமாக நீந்தியது, வட்டமடித்தது. மூழ்கு என்று அழுத்தியதும் தலை தாழ்ந்து இறங்கியது. அரை மீட்டர் போனதும் வால் நின்றது. மெல்ல மேலே வந்தது. முதுகுத் துடுப்பு தண்ணீரைவிட்டு வெளியே வரும் தறுவாயில் வால் மறுபடி அடித்தது, மறுபடி இறங்கியது, மறுபடி நின்றது. பிள்ளைகள் அதையும் ரசித்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அங்கேயே நின்று சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழித்தோம். முதலில் கசிவு. குழாயைத் திறந்தால் உள்ளே வைத்த செய்தித்தாள் துண்டு மொறுமொறுப்பாக இருந்தது. அடுத்து பேட்டரி. இரண்டு லித்தியம் செல்கள், 7.4 வோல்ட், 5 வோல்ட்டாகக் குறைத்துப் பயன்படுத்துகிறோம். வால் ஆடும்போதும் குறையவில்லை. மூன்றாவது, பக்கத்துத் தோட்டத்தில் ஓடிய பம்பு மோட்டாரின் மின் இரைச்சல். இதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. தோட்டக்காரர் போய்ச் சொல்லி நிறுத்திவிட்டு வந்தார். சுறா தலையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டேதான் இருந்தது.

உப்புத் தண்ணீர் கனம், அதனால் மிதக்கிறது என்றது ஒரு தரப்பு. உவரிக்காரப் பையன் ஒருவனே அதைச் சொன்னதால் எல்லோரும் தலையாட்டினார்கள். கணக்குப் போட்டால் அது நிற்கவில்லை. ஒரு லிட்டரில் 1,500 மில்லிகிராம் உப்பு கரைந்திருந்தாலும் லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் கூடாது; இரண்டரை லிட்டர் குழாய்க்கு நான்கு கிராமுக்குள்தான். கடலாக இருந்தால் கதை வேறு: அங்கே அறுபது கிராமுக்கு மேல் கூடும், ஈயம் சேர்க்காமல் முழுகாது. அதோடு, மிதப்பு அதிகம் என்றால் சுறா வாலை அடித்துக்கொண்டே இறங்க முடியாமல் தவிக்க வேண்டும். இங்கே வால் நின்றுவிடுகிறது. அதைக் கவனித்தது ரிமோட்டைப் பிடித்திருந்த மாணவிதான். "சார், அதற்கு வலு இல்லாமல் இல்லை. நாம் சொல்வது அதற்குக் கேட்கவில்லை" என்றாள்.

டிரம் சோதனை

எங்கள் பக்கம் கேன் தண்ணீர் விற்கிறவர்கள் எல்லோரிடமும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருக்கும். கரைந்த உப்பை அளப்பதாகச் சொன்னாலும், அந்தக் கருவி உண்மையில் அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனைத்தான். அதை ஒரு எண்ணால் பெருக்கி மில்லிகிராமாகக் காட்டுகிறது. எங்களுக்குத் தேவைப்பட்டதும் அந்தக் கடத்துதிறன்தான். கடைக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கி நனைத்தால் தோட்டக் கிணறு 1,500ஐ ஒட்டிக் காட்டியது. கல்லிடைக்குறிச்சித் தண்ணீர் நூற்றுச் சொச்சம்.

மின்சாரம் கடத்தும் எதுவும் ரேடியோ அலையை உள்ளே எளிதில் போகவிடாது. உலோகம் முழுதாகத் தடுக்கும், உப்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். 27 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கணக்குப் பார்த்தால், கல்லிடைக்குறிச்சித் தண்ணீரில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் மிஞ்சுகிறது. தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் அதே ஒரு மீட்டருக்கு மிஞ்சுவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அரை மீட்டருக்கு நூற்றில் ஒரு பங்கு. சுறா வாலை நிறுத்திய ஆழம் அதுதான்.

கணக்கு சொல்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது என்று 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பினோம். ரிசீவரை விளக்கோடு ஒரு பாட்டிலில் அடைத்து நடுவில் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு மாணவன் ரிமோட்டை அழுத்தியபடி பின்னால் நடந்து போனான். விளக்கு அணைந்த இடத்தில் செங்கல் வைத்தோம். பிறகு தூத்துக்குடிக் கல்லுப்பை நிறுத்துப் போட்டுக் கலக்கினோம். 300 கிராம் கரைந்தால் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் ஆகிவிடும். உப்பு ஏற ஏறச் செங்கல் டிரம்மை நோக்கி வந்தது. 300 கிராமில் தூரம் பாதிக்கும் கீழே. ரிசீவரைச் சுற்றி இருந்த தண்ணீர் கால் மீட்டர் கனம்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வேறு எதையும் மாற்றவில்லை. மோட்டார், சீல், ஆழம், சுறா எதுவுமே இந்தச் சோதனையில் இல்லை. வழக்கு அங்கே முடிந்தது.

1974இல் ஒரு ஹாலிவுட் படத்துக்காகச் செய்த பெரிய இயந்திரச் சுறாக்கள் கடலில் இறங்கியதும் மக்கர் செய்த கதை சினிமா உலகில் பிரபலம். உப்புத் தண்ணீரில் முன்கூட்டிச் சோதிக்காமல் கொண்டுபோனார்கள். உப்பு உள்ளே புகுந்து கருவிகளைக் கெடுத்தது. அங்கே உப்பு செய்த சேதம் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் சுறாவில் ஒரு துளி உப்பும் உள்ளே போகவில்லை, வெளியே நின்றே வேலையைக் காட்டிவிட்டது.

பிறகு செய்தவை

மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, சுறாவின் முதுகிலிருந்து மெல்லிய கோஆக்சியல் கேபிளை மேலே விட்டு, நுனியில் வலை மிதவை ஒன்றில் ஆன்டெனாவைக் கட்டியது. ஆன்டெனா காற்றில் இருப்பதால் தண்ணீர் எதுவானாலும் கவலையில்லை. சுறா தோட்டக் கிணற்றிலும் அடிவரை போனது. போய், பம்பு செட் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வைச் சுற்றி வந்து கேபிளை முடிச்சுப் போட்டுக்கொண்டது. பாதாளக்கரண்டிக்கு அன்றுதான் வேலை வந்தது. கேபிளின் இழுவையால் வேகமும் குறைந்தது. திறந்த குளத்துக்கு இது சரியான வழி. குழாயும் கயிறும் வேரும் தொங்குகிற கிணற்றுக்கு ஆகாது.

மற்றக் கட்சி மென்பொருளில் கை வைத்தது. சிக்னல் அறுந்தவுடன் நிற்காமல், கடைசியாகக் கேட்ட கட்டளையைப் பத்து விநாடி தொடர்ந்து செய்துவிட்டு அதன் பிறகு மேலே வா என்று எழுதினார்கள். பார்க்கிறவர்களுக்குச் சுறா ஆழத்துக்குப் போய் ஒரு வளைவு வளைந்து திரும்பி வருகிறது; யாருக்கும் குறை தெரியாது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. அந்தப் பத்து விநாடி அது யார் பேச்சையும் கேட்காது, கிணற்றுச் சுவரில் மூக்கை இடித்தாலும் நாம் மேலே நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஆனாலும் பள்ளிகளுக்கு எடுத்துப்போவது இந்த வடிவத்தைத்தான். மூக்கின் உள்பக்கம் லாரி மட்கார்டு ரப்பரை ஒட்டியிருக்கிறார்கள்.

கடலுக்கு இந்த இரண்டில் மிதவை மட்டுமே பொருந்தும். கடல்நீரில் 27 மெகாஹெர்ட்ஸ் அலை ஐந்து சென்டிமீட்டரிலேயே ஏறத்தாழ பத்தில் ஒன்றாகத் தேய்ந்துவிடும். கேபிளும் வேண்டாம், ரிமோட்டும் வேண்டும் என்றால் ரேடியோவை விட்டு ஒலிக்கு வர வேண்டும். எம்.ஐ.டி.யில் செய்து 2018இல் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட சோஃபி என்ற மென்மீன் ரோபோ ஃபிஜித் தீவின் பவளப்பாறைகளுக்கிடையே நீந்தியது அப்படித்தான். கூட நீந்திய முக்குளிப்பாளர் ஒலித்துடிப்புகளால் அதை ஓட்டினார். இந்த ஆண்டு மாணவர்கள் மின்துடிப்பை ஒலியாகவும் ஒலியை மின்துடிப்பாகவும் மாற்றும் பீசோ வட்டுகள் இரண்டை வாங்கிக் கல்லிடைக்குறிச்சிக் கிணற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒலி நன்றாகவே போகிறது, உப்பைப் பற்றிய புகாரும் இல்லை. ஆனால் தண்ணீரில் ஒலி விநாடிக்கு 1,500 மீட்டர் ஓடுகிறது. நான்கு மீட்டர் அகலக் கிணற்றில் எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஐந்து மில்லிவிநாடிதான் ஆகிறது. அனுப்பிய துடிப்பு எது, கருங்கல் சுவர் திருப்பியடித்தது எது என்று பிரிக்கத் தெரியாமல் ரிசீவர் இடம் என்றால் வலமும் சேர்த்துக் கேட்கிறது. துடிப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டால் எதிரொலி அடங்கும் என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறார்கள்.